வெல்ல இயலாத ஆட்டங்கள்

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் விளையாட்டுகளைத் திறனாய்வு செய்வது ஓர் அருள்பணியாளருக்கு ஏற்ற வேலைதானா என்று வாசக அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் எடைபோட்டுப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் நம் பங்குகளின் இளையோரில் எத்தனை பேர் இன்று ஒரு நாவலைக் கையில் எடுக்கிறார்கள்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி இடத்தில் நின்றது நம் தருமபுரி மாவட்டம். அன்றைய கணக்கு 68.54 விழுக்காடு. நூலகம் எட்டாத ஊர்களையும் கைப்பேசி எட்டிவிட்டது. கதை, வீரம், நட்பு, சாவு ஆகியவற்றைப் பற்றிய முதல் கற்பனைகளை நம் பிள்ளைகள் இன்று பெறுவது பெரும்பாலும் அந்தச் சிறு திரையிலிருந்துதான். அவர்கள் நெஞ்சில் என்ன விதைக்கப்படுகிறது என்று அறிய விரும்புகிறவர், அவர்கள் ஆடுவதைத் தாமும் ஆடித்தான் பார்க்க வேண்டும். ஆகவே சில மாதங்களாக, மாலைச் செபமாலைக்குப் பின், பங்கு இளையோரின் துணையோடு நான்கு ஆட்டங்களை ஆடிப் பார்த்தோம். அவற்றைப் பற்றிய நம் கருத்துகளே இவை.

விளையாட்டைப் பாவத்தின் வாசற்படியாகக் கருதும் மனப்போக்கு நம்மிடையே உண்டு. திருச்சபையின் மரபு அவ்வாறு கருதவில்லை. உடல் உழைப்பால் களைப்பதுபோல உள்ளமும் களைக்கிறது என்றும், அதற்குரிய ஓய்வு விளையாட்டே என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் 'சும்மா தியோலாஜிக்கா' நூலில் விளக்குகிறார். அளவறிந்து விளையாடத் தெரிவதை ஒரு நற்பண்பாகவே அவர் கொள்கிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடியதைக் கண்டு இடறல்பட்ட ஒருவருக்கு, எந்நேரமும் நாணேற்றி வைத்த வில் முறிந்துபோகும் என்பதை அவர் உணர்த்திய பழங்கதையும் அங்கே இடம்பெறுகிறது. புதிய எருசலேமைக் காட்சியில் கண்ட இறைவாக்கினர் செக்கரியா, அதன் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதைத்தான் கண்டார். எனவே பிள்ளைகள் ஆடலாமா என்பது நம் கேள்வியன்று. ஆடுகிற ஆட்டம் எத்தகையது என்பதே கேள்வி.

முன்கூட்டியே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டத்தைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை. அதனால் குடும்பங்கள் அழிந்ததைக் கண்டே தமிழக அரசு அதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றிய பின் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. சூதாட்டத்தைத் திறனாய்வு செய்யத் தேவையில்லை. அது கண்டிக்கத்தக்கது, அவ்வளவே. நாம் பேச எடுத்துக்கொண்டவை கதையாலும் திறமையாலும் ஆனவை. கலை என்னும் பெயருக்கு உரிமை கோருபவை.

ஓர் அளவுகோல்

எத்தனை பேர் சுடப்படுகிறார்கள், எவ்வளவு குருதி சிந்துகிறது என்று எண்ணி ஓர் ஆட்டத்தை நல்லது கெட்டது எனப் பிரிப்பது எளிது. அவ்வாறு எண்ணினால் திருவிவிலியத்தின் பல பக்கங்களும் தேறமாட்டா. நாம் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொண்டோம்: இந்த ஆட்டம் இழப்பை எவ்வாறு நடத்துகிறது?

இந்தக் கேள்வியை நம் மண்ணே நமக்குத் தந்தது. வானம் பார்த்த பூமி இது. பாலக்கோடானாலும் பென்னாகரமானாலும் அரூரானாலும், கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், ஆலை வேலைக்கு ஓசூருக்கும், பின்னலாடை வேலைக்குத் திருப்பூருக்கும் பேருந்து ஏறுகிற பெற்றோரைக் காணாத ஊர் இல்லை. பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் வளர்கிறார்கள். பிரிவும் ஏக்கமும் இவர்களுக்குப் புத்தகச் சொற்கள் அல்ல. நாள்தோறும் உண்ணும் களியோடு சேர்ந்தவை. அப்பிள்ளைகளின் கையில் இருக்கும் ஆட்டம் இழப்பைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கிறது என்பது ஓர் இலக்கியக் கேள்வி மட்டுமன்று, மேய்ப்புப்பணிக் கேள்வியும்கூட.

தொண்ணூற்றொன்பது பேர்

முதலில் எல்லாரும் ஆடுகிற ஆட்டம். 'பப்ஜி மொபைல்' 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதே ஆட்டம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் மீண்டும் நீக்கப்பட்டு 2023 மே மாதம் மறுபடி வந்தது. நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். ஆயுதம் தேடுகிறார்கள். பாதுகாப்பான வட்டம் நேரம் செல்லச் செல்லச் சுருங்குகிறது. இறுதியில் எஞ்சி நிற்பவரே வென்றவர்.

இதில் நல்லது இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. நால்வர் குழுவாக ஆடும்போது கேட்கும் திறனும் பொறுமையும் ஒருங்கிணைப்பும் வேண்டியிருக்கின்றன. காலடி ஓசையைக் கொண்டே பகைவன் இருக்கும் திசையை நம் சிறுவர்கள் அறிந்து சொன்னபோது மலைத்துப்போனோம். குழுவில் ஒருவன் அடிபட்டு விழுந்தால், தோழன் தன் உயிரைப் பணயம் வைத்து ஓடிச்சென்று அவனைத் தூக்கிவிடலாம். அந்தச் சில நொடிகளில் நல்ல சமாரியனின் சாயல் ஒன்று தெரிந்ததையும் மறைக்கப் போவதில்லை. ஓசூரில் வேலை செய்யும் அண்ணனும் ஊரில் படிக்கும் தம்பியும் இரவில் ஒரே குழுவில் சேர்ந்து ஆடிக்கொண்டே பேசிக்கொள்வதையும் அறிவோம். அவர்களுக்கு அந்தத் தீவே வீட்டுத் திண்ணை.

ஆயினும் நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால், இங்கே இழப்புக்கு எடையே இல்லை. செத்தவனுக்குப் பெயர் இல்லை. அவன் விட்டுச்செல்வது ஒரு பெட்டிப் பொருள்கள் மட்டுமே. அவனைக் கொன்றவன் அப்பெட்டியைக் கிளறி வேண்டியதை எடுத்துக்கொண்டு நடக்கிறான். செத்தவனோ அடுத்த நிமிடமே வேறோர் ஆட்டத்தில் மீண்டும் வானிலிருந்து குதிக்கிறான். துயரத்துக்கும் நினைவுக்கும் அங்கே நேரம் இல்லை.

இவ்வாட்டத்தை ஆடுகிற சிறுவர்கள் எந்த மண்ணில் அமர்ந்து ஆடுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். இது நடுகற்களின் மண். நிரை மீட்கப் போரிட்டு மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். அவன் உருவத்தையும் பெயரையும் அதில் வெட்டினார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அத்தகைய கற்களை இன்றும் காணலாம். அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, வீரனோடு நின்று போரிட்ட நாயையும் 'கோவிவன்' என்று பெயர் சொல்லிப் போற்றுகிறது. ஒரு நாயின் இறப்பைக்கூட ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நினைவில் வைத்த மரபில் பிறந்த பிள்ளைகள், பெயரற்ற தொண்ணூற்றொன்பது பேரின் சாவுக்கு மேல் தாவிச் சென்று வெற்றியைக் கொண்டாடப் பழகுகிறார்கள். இவ்வாட்டத்தின் குறை அதன் துப்பாக்கியில் இல்லை. நடுகல் இல்லாமையில் இருக்கிறது.

தம்பியைத் தேடும் அக்கா

இரண்டாவது, 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. புனே நகரின் 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' நிறுவனத்தார் 2020இல் வெளியிட்டது. கழைக்கூத்தாடும் சிறுமி ராஜி, அசுரர் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடிப் புறப்படுகிறாள். துர்க்கையும் திருமாலும் அவள் பயணத்தைக் கண்டு தம்முள் உரையாடுகிறார்கள். பிற சமயப் புராணம் என்பதால் நம் பிள்ளைகள் இதைத் தொடலாமா என்று ஒரு தாய் கேட்டார். தொடலாம் என்பதே நம் விடை. அண்டை வீட்டாரின் கதையை மரியாதையோடு கேட்பதனால் நம் விசுவாசம் குறைந்துவிடாது.

கண்ணுக்கு இது விருந்து. இராசத்தானத்துக் கோட்டைகளை நினைவூட்டும் மாடங்கள், சுவரோவியங்கள், கதையை நகர்த்தும் நிழற்பாவைக் கூத்து ஆகிய அனைத்தும் நம் நாட்டுக் கலைஞரின் உழைப்பு. அயல்நாட்டு வீரர்களையே கண்டு சலித்த கண்களுக்கு, பாவாடை கட்டிய ஒரு சிறுமி சூலம் ஏந்தித் தூணைச் சுற்றித் தாவுவது புதுமைதான். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் தம்பியை இடுப்பில் சுமக்கும் அக்காமாரை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். ராஜி அவர்களில் ஒருத்தியாகவே நமக்குத் தோன்றினாள்.

ஆனால் ஆட்டம் தன் கதையை நம்பவில்லை. தம்பியை இழந்த அக்காவின் நெஞ்சுக்குள் செல்வதற்குப் பதிலாக, மீண்டும் மீண்டும் அதே அசுரக் கூட்டத்தோடு அவளை மோதவிடுகிறது. இறுதிப் போர் முடிந்ததும் கதை முடிவுறாமல் சட்டென்று அறுந்து நிற்கிறது. இழப்பு இங்கே கதையைத் தொடங்கி வைக்கும் சாக்காக மட்டுமே பயன்படுகிறது.

கறைபடிந்த சமையல் ஏடு

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றிப் பேச நாம் ஆவலோடு காத்திருந்தோம். டொராண்டோ நகரின் 'விசை கேம்ஸ்' என்னும் சிறிய குழுவினர் 2023 ஜூலை இறுதியில் வெளியிட்ட 'வெண்பா' அது. 2024இல் தன்னுரிமை ஆட்டங்களுக்கான 'ஐ.ஜி.எஃப்.' விழாவின் பெரும்பரிசையும், பிரித்தானியத் திரைக்கலைக் கழகமான 'பாஃப்டா'வின் அறிமுக ஆட்டத்துக்கான விருதையும் பெற்றது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களைக் கதை உலக மேடையில் முதலிடம் பெற்றது நமக்கு மகிழ்ச்சியே.

கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பாவும் கணவர் பாவலனும் கனடாவில் குடியேறியிருக்கிறார்கள். ஏற்ற வேலை இல்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்னும் தவிப்பு. அவ்வேளையில் கரு உருவாகிறது, தங்கிவிடுகிறார்கள். மகன் கவின் வளர வளர, தமிழிலிருந்தும் தாயின் சமையலிலிருந்தும் விலகுகிறான். பள்ளியில் அவன் பெயரே 'கெவின்' ஆகிவிடுகிறது. ஆடுகிறவர் செய்ய வேண்டியது சமையல். வெண்பாவின் தாயார் எழுதிக் கொடுத்த ஏடு கிழிந்தும் கறைபடிந்தும் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்டிலியும் புட்டும் பிரியாணியும் ஆக்க வேண்டும்.

இட்டிலிக் கொப்பரையில் தட்டுகளை அடுக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேர்மேலே அமைந்தால் ஆவி சரியாகப் பரவாது. மாற்றி அடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் சொல்லாமலே அறிந்து வைத்திருக்கும் இதனை ஆட்டம் ஒரு புதிராக ஆக்கியிருக்கிறது. பங்கு அலுவலக அறையில் இதை ஆடிய கல்லூரி மாணவர் இருவர் திணற, அருகில் நின்று பார்த்த சமையற்கார அம்மா, "தட்டத் திருப்பி வைங்க தம்பி" என்று ஒரே சொல்லில் தீர்த்து வைத்தார். கைப்பேசி உலகில் அந்த அம்மாவின் அறிவுக்கு மதிப்புக் கிடைத்த முதல் தருணம் அதுவாகவே இருக்கும். ஓர் ஆட்டம் இதைச் சாதித்ததென்றால் அதன் பிற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சமைக்கும்போது தவறினால் இழப்பு ஒன்றும் இல்லை. திரும்பச் செய்தால் போதும். ஆண்டுகள் பறக்கின்றன, பாவலனின் மறைவு போன்ற பேரிடி விழும் இடத்தில்கூட ஆட்டம் நம்மைப் போதிய நேரம் நிறுத்தி வைக்கவில்லை. ஆனால் அதன் ஆழமான உருவகம் நிலைத்து நிற்கிறது. தாயின் ஏட்டில் எழுத்து அழிந்துகொண்டே போகிறது. பின்னொரு நாள் மகன் அந்த ஏட்டைத் திறக்கையில் தமிழைக் கூட்டிப் படிக்கவே இடர்ப்படுகிறான். அழிந்தது மையா, மகனின் தமிழா என்று நம்மைக் கேட்க வைக்கிறது. இங்கே இழப்பு மெல்லப் பரவும் கறை. அதை வெல்ல முடியாது. எஞ்சிய வரிகளைக் கொண்டு அடுத்த வேளை உணவை ஆக்க மட்டுமே முடியும்.

டொராண்டோ நமக்குத் தொலைவு என்று எண்ண வேண்டாம். பெங்களூரில் பிறந்து கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசும் பேரனோடு என்ன பேசுவதென்று தெரியாமல், திருவிழாவுக்கு வந்தவனின் தலையை மட்டும் தடவிக்கொடுக்கும் பாட்டிமார் நம் பங்குகளில் எத்தனை பேர்!

நாகத்தை வெல்ல முடியாத வீரன்

நான்காவது, 'தட் டிராகன், கேன்சர்'. 2016 ஜனவரியில் வெளியான பழைய ஆட்டமே. நாம் ஆடியது இப்போதுதான். அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ரயன் கிரீன், ஏமி கிரீன் என்னும் கிறிஸ்தவத் தம்பதியரின் மகன் ஜோயலுக்கு ஒரு வயதில் மூளைப் புற்றுநோய் கண்டது. நான்கு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 2014 மார்ச்சில், ஐந்து வயதில் அவன் இறந்தான். மகன் உயிரோடிருக்கையில் தொடங்கிய ஆட்டத்தை, அவன் மறைந்த பின் தோழர்களோடு சேர்ந்து பெற்றோர் முடித்தார்கள். அதில் கேட்கும் சிரிப்பு ஜோயலின் சொந்தச் சிரிப்பு.

மருத்துவமனை நடையில் சிறு வண்டியோட்டி ஓடிச் சேகரித்தவை, ஆட்டத்தின் முடிவில் குழந்தைக்கு ஏற்றிய மருந்துகளின் பட்டியலாக மாறிக் காட்சியளிக்கின்றன. ஓரிடத்தில் ஜோயல் குட்டி வீரனாகக் கவசமணிந்து நாகத்தோடு மோதுகிறான். எத்தனை திறமையாக ஆடினாலும் அந்த நாகம் வீழ்வதில்லை. எல்லாவற்றிலும் கடினமானது ஓர் இரவுக் காட்சி. குழந்தை தாகத்தால் அலறுகிறான், குடித்தால் வாந்தி. தந்தை தூக்கிப் பார்க்கிறார், உலவுகிறார், தண்ணீர் கொடுத்துப் பார்க்கிறார். ஆடுகிறவர் எதைச் செய்தாலும் அழுகை நிற்பதில்லை. செய்ய ஒன்றும் மிஞ்சாத நிலையில் தந்தை மன்றாடுகிறார்.

இதை ஆடியவன் நம் பங்கின் பதினான்கு வயதுச் சிறுவன். பெற்றோர் இருவரும் வெளியூரில். போர் ஆட்டம் ஒன்றில் உடை வாங்கப் பாட்டியின் பணத்தைச் செலவழித்துவிட்டான் என்று நம்மிடம் அழைத்து வரப்பட்டவன். அந்த இரவுக் காட்சியில் விசைகளை மாற்றி மாற்றி அழுத்தினான். பிறகு, "இதுல எப்படி ஜெயிக்கிறது சாமி?" என்று கேட்டான். ஜெயிக்க முடியாது என்றோம். கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவான் என்று எதிர்பார்த்தோம். அவன் எழவில்லை. கையை விசைகளிலிருந்து எடுத்துவிட்டு, அழுகை ஓயும்வரை அப்படியே அமர்ந்திருந்தான். துன்பப்படுகிறவரின் அருகே ஒன்றும் செய்ய இயலாமல் உடனிருப்பதுதான் கல்வாரியில் அன்னை மரியா செய்தது. மறைக்கல்வி வகுப்பில் அதை விளக்கப் பல மணி நேரம் தேவைப்படும். அந்தப் பையன் சில நிமிடங்களில் அதனுள்ளே நுழைந்துவிட்டான்.

இவ்வாட்டத்திலும் குறை உண்டு. இயக்க முறை கரடுமுரடானது. எங்கே செல்வதென்று தெரியாமல் பலமுறை தடுமாறினோம். இறுதியில் காட்டப்படும் விண்ணகம் தித்திப்பு மிகுந்தது. எனினும் ஒரு குழந்தைக்கு அதன் பெற்றோர் கட்டிய விண்ணகத்தை இறையியல் அளவையால் அளக்க நாம் துணியவில்லை. நம்மை ஈர்த்தது அதன் நேர்மை. தாய் அற்புதத்தை நம்புகிறார்; தந்தை ஐயத்தில் மூழ்குகிறார். இருவரில் எவரையும் ஆட்டம் பழிக்கவில்லை.

தழும்புகளோடு

நான்கையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில் ஓர் உண்மை தெளிவாகிறது. திரையில் செத்தவன் மறுபடி எழுவதற்கும், கிறிஸ்துவின் உயிர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியாக வேண்டும். போர் ஆட்டத்தில் மறுபடி வருபவன் கீறலின்றி வருகிறான். நடந்தது எதுவும் அவன் உடலில் இல்லை. உயிர்த்த ஆண்டவரோ காயங்களின் தழும்புகளோடு வந்தார். அவற்றையே தோமாவுக்குக் காட்டினார். இழப்பைத் துடைத்தெறிவது உயிர்ப்பு அன்று. இழப்பைச் சுமந்தபடியே வாழ்வுக்குள் நுழைவதே உயிர்ப்பு. 'வெண்பா'வின் கறைபடிந்த ஏட்டுக்கும் ஜோயலின் சிரிப்புக்கும் இந்த உண்மை சற்றேனும் தெரிந்திருக்கிறது. தொண்ணூற்றொன்பது பேரின் தீவுக்கு அது தெரியாது.

இதனால் அத்தீவைத் தடைசெய்யுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல மாட்டோம். அரசின் தடையையே தாண்டி மறுபெயரில் வந்த ஆட்டம் அது. பாட்டியின் அதட்டலுக்கா அடங்கப்போகிறது? 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், கணினி ஆட்டங்களை விரும்பிய இளைஞர்; ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டவர். எல்லை வகுப்பதோடு, எதை ஆடினாய், அதில் யார் இறந்தார்கள், உனக்கு எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். வார இறுதியில் ஊர் திரும்பும் தந்தையர் தம் மகனின் அருகில் அமர்ந்து ஒரே ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும். தோற்றுப்போவார்கள், அதனால் கேடு ஒன்றும் வந்துவிடாது.

இன்னுமோர் ஆசை உண்டு. இட்டிலியைக் கொண்டு டொராண்டோவில் ஒரு காவியம் ஆக்க முடியுமென்றால், கேழ்வரகுக் களியைக் கொண்டு தருமபுரியில் ஒன்று ஆக்க முடியாதா? கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டும் பாட்டியின் கை, விடியுமுன் பெங்களூருக்குப் புறப்படும் பேருந்து, தூக்கம் கலையாத பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுவிட்டு இறங்கிச் செல்லும் தாய். இவற்றை அறிந்த இளைஞர்கள் நம் ஊர்க் கல்லூரிகளில் கணினி கற்கிறார்கள். அவர்களில் ஒருவர் அப்படியோர் ஆட்டத்தைச் செய்வாராயின், அதில் வெல்ல வழியில்லாவிட்டாலும் முதலில் ஆடிப் பார்க்க நாம் அணியமாயிருக்கிறோம்.